நாவக்கொல்லை கேட்டின் விசில் போர்டு

ஜமுனாமரத்தூருக்கு ரயில் வந்ததே கிடையாது. பஸ்ஸே வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கி ஏறுகிற மலை அது. அப்படிப்பட்ட ஊரில், சந்தைக்குப் பின்தெருவில் இருக்கிற ஓர் ஓட்டு வீட்டின் பின்னறையில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருந்தது என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஊருக்கும் வந்தது. தாண்டவராயன் பால் வாங்கப் போனால், "இன்னா சார், காட்பாடி வண்டி போய்டுச்சா?" என்று கேட்காத ஆள் இல்லை. அவரும் சளைக்காமல், லேட்டாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டு நடப்பார்.

தாண்டவராயன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மலை முழுக்கக் கம்பம் ஏறின கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. பழைய கதவுப் பலகை ஒன்றைக் கட்டில் மாதிரிப் போட்டு, அதன்மேல் பொம்மை ரயில் பாதை அமைக்க ஆரம்பித்தார். முதலில் ஏதோ ஒரு ஊர், ஏதோ ஒரு ஸ்டேஷன் என்றுதான் கட்டினார். அப்போதெல்லாம் அவர் மனைவி கலைவாணி அந்த அறைக்குள் பெருக்குவதற்கு மட்டும்தான் வருவாள். ஒருநாள் பேச்சுவாக்கில், நாவக்கொல்லை ஸ்டேஷனையே கட்டலாமா என்று கேட்டார். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் அவரையே பார்த்தாள்.

"கட்டினா சரியா கட்டணுங்க. இருந்தது இருந்தா மாதிரி. இல்லாததெல்லாம் வைக்கக் கூடாது" என்றாள்.

அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இது தெரிந்தால்தான் பின்னால் வருவது மனதில் நிற்கும்.

மலை அடிவாரத்தில், பழைய மீட்டர் கேஜ் பாதையில் இருந்த சின்ன ஸ்டேஷன் நாவக்கொல்லை. இப்போது அது இல்லை. அகலப் பாதை போட்டபோது தண்டவாளம் வேறு பக்கமாகப் போய்விட்டது. ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு லெவல் கிராசிங் கேட். அதில் கேட் கீப்பராக இருந்தவர் கலைவாணியின் அப்பா சின்னராசு. மலைமேலிருந்து ரயில்வே வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான் என்று அவருடைய ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். கேட்டுக்குப் பக்கத்திலேயே ஒற்றை அறை வீடு. அந்த அறையில்தான் கலைவாணி பிறந்தாள்.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு புளிப் பருவம். அவளுடைய தாய்மாமன் சடையன், மலைப்புளியை வண்டியில் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போவதற்காக இறங்கி வந்தான். கேட் திறந்திருந்தது. வண்டி தண்டவாளத்தின் மேல் ஏறியது. வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வந்தது. நேரங்காலம் இல்லாமல் வருகிற வண்டி அது. சடையனும் போனான், மாடுகளும் போயின.

அந்தக் கேட்டுக்குப் போன் கிடையாது. வளைவுக்கு முன்னால் இன்ஜின் ஊதும் விசில்தான் சேதி. விசாரணையில் இன்ஜின் டிரைவர் ஊதினேன் என்றார். ஊதவேண்டிய இடத்தைக் காட்டுகிற போர்டு அங்கே நிற்கிறது, ஊதாமல் எப்படி வந்திருப்பார் என்று அதிகாரிகளும் எழுதிவிட்டார்கள். அப்படியானால் கேட் கீப்பர் தூங்கியிருக்கிறார். சின்னராசு சொன்னது ஒரே வார்த்தை: விசில் வரவில்லை. அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. வேலை போயிற்று. மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு மலை ஏறியவர், சாமை விதைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்.

சடையன், கலைவாணியின் அம்மா மங்கம்மாளுக்கு ஒரே தம்பி. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவனை அடக்கம் செய்த அன்றிலிருந்து மங்கம்மாள் தன் கணவனோடு நேருக்கு நேர் பேசவில்லை. பிரிந்து போகவில்லை, சண்டை போடவில்லை, வேளைக்குச் சோறு பொங்கினாள். பேச்சுதான் இல்லை. எல்லாம் கலைவாணி வழியாகத்தான். "உங்கப்பனாண்ட சொல்லு, வெதைக்குச் சாமை எடுத்து வச்சிருக்கேன்னு." "அந்த ஆளக் கேளு, கஞ்சி வேணுமா வேணாமான்னு." ஒரே அறைக்குள், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் அந்தச் சிறுமி சேதி சுமந்தாள். சின்னராசு சாகிறவரைக்கும் சுமந்தாள்.

அவளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும்போது அப்பாவிடம் ஒரு தடவை கேட்டாள். அந்த எடத்துல நெஜமாவே விசில் போர்டு இருந்துதாப்பா என்று. சின்னராசு அவளையே பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தவர், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். போர்டு இல்லை, அதைச் சொல்லியும் எவனும் நம்பவில்லை, அந்த வேதனையில்தான் அப்பா பேசாமல் போகிறார் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். விபத்துக்கு அப்புறம், தங்கள்மேல் பழி வராமல் இருக்க யாரோ போர்டை நட்டுவிட்டார்கள் என்பது அவள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு வளர்ந்து, அங்கன்வாடியில் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டாள்.

இப்போது மங்கம்மாளுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அம்மா கண்ணை மூடுவதற்குள், அப்பா தூங்கவில்லை என்று அம்மாவே ஒரு தடவை தன் வாயால் சொல்லிவிட வேண்டும். கலைவாணிக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். தாண்டவராயனின் பொம்மை ரயில் அப்படித்தான் வெறும் பொம்மையாக இல்லாமல் போனது.

அதன்பிறகு தாண்டவராயன் போர்டுகளைத் தேடி அலைந்தார். கட்டடத்தை யார் வேண்டுமானாலும் கட்டிவிடலாம், எழுத்தில்தான் மாட்டிக்கொள்வோம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பெயர்ப் பலகையில் எந்த மொழி மேலே இருந்தது, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அடியில் எழுதியிருந்தார்களா, குடிதண்ணீர்க் குழாய்க்கு மேல் என்ன எழுதியிருந்தது, டிக்கெட் ஜன்னலுக்கு மேல் என்ன நிறம். போளூர்ப் பக்கம் தண்டவாள வேலை பார்த்த பழைய கேங்மேன்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துப் போனார். ஒருவர் பலகை மஞ்சள் என்றார். இன்னொருவர் வெள்ளை என்று அடித்துச் சொன்னார். இரண்டு பேரும் காப்பி கொடுத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். விசில் போர்டைப் பற்றிக் கேட்டால் மட்டும், இருக்கும், இல்லாமலா, என்று பொதுவாகச் சொன்னார்கள்.

அப்படித் தேடும்போது கிடைத்தவர்தான் வாணியம்பாடி இல்யாஸ். செருப்புக்கு அடித்தோல் விற்கிற கடை வைத்திருப்பவர். ரயில் என்றால் உயிர். போனிலேயே அவர்கள் சிநேகிதம் ஆகிவிட்டார்கள். இல்யாஸின் பெரியப்பா தோல் வியாபாரி. கேமரா பைத்தியம். சரக்கு ஏற்றப் போகிற இடத்தில் எல்லாம் இன்ஜினைப் படம் பிடித்துக்கொண்டு நிற்பாராம். அந்தப் பெட்டியில் நாவக்கொல்லைப் படம் இருக்கிறது, சந்தை நாளன்றைக்கு நானே கொண்டுவருகிறேன் என்று இல்யாஸ் சொன்னபோது, கலைவாணி அன்றைக்குக் காலையிலேயே குளித்துவிட்டுப் புதுப்புடவை கட்டிக்கொண்டாள்.

இல்யாஸ் வந்து உட்கார்ந்ததும் முதல் படத்தை எடுத்து வைத்தார். ஸ்டேஷன் பெயர்ப் பலகை. தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் பளிச்சென்று தெரிந்தன. அறுபத்தைந்தில் நம் பக்கத்து ஸ்டேஷன்களில் இந்தி எழுத்தின்மேல் தார் பூசினார்களே, அந்தத் தார் இதில் இல்லை என்பதை அவர் விரலை வைத்துக் காட்டினார். தாரைச் சுரண்டித் திரும்ப எழுதின பலகையாக இருந்தால் அந்த இடம் மட்டும் பட்டையாக வேறு சாயலில் தெரியுமாம். இது ஒரே சாயல். ஆகவே தாருக்கு முந்தின படம். நாவக்கொல்லைப் பலகைக்கும் தார் பூசினார்களா என்று கேட்டார். பூசினார்கள், விபத்து நடந்த வருஷத்துக்கு முந்தின வருஷம் என்று கலைவாணி சொன்னாள். தார் வடிந்த பலகையைப் பற்றி அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"அப்ப இந்த பிலிம் ரோல் பூராவும் விபத்துக்கு முன்னாடி எடுத்தது, அக்கா" என்று சொல்லிக்கொண்டே இல்யாஸ் அடுத்த படத்தை வைத்தார்.

வளைவில் புகை விட்டுக்கொண்டு ஓர் இன்ஜின். அதற்கு முன்னால், பாதையோரத்தில், தந்திக் கம்பத்துக்குப் பக்கத்தில், தண்டவாளத் துண்டு ஒன்று நெட்டுக்குத்தலாக நின்றது. அதன் உச்சியில் ஒரு தகடு. தகட்டில் ஒற்றை ஆங்கில எழுத்து, டபிள்யூ. விசில் போர்டு.

ஒரு விபத்து நடந்தது என்பதற்கு மேல் இல்யாஸுக்கு இந்தக் குடும்பத்துக் கதை தெரியாது. போர்டு எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது பாருங்கள் அண்ணே, உங்களுக்கு அளவெடுக்க வசதி என்று சந்தோஷமாகச் சொன்னார். தாண்டவராயன் மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து உள்ளே போய், விருந்தாளிக்குப் பலாச்சுளை கொண்டுவந்து வைத்தாள். இல்யாஸ் பஸ் ஏறிப் போகிறவரைக்கும் நன்றாகத்தான் பேசினாள்.

சாயங்காலம் தாண்டவராயன், அந்தப் போர்டை விட்டுவிடலாமா என்று மெல்லக் கேட்டார்.

"எதுக்கு வுடணும்? இருந்துச்சி, வைங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கம்மா சொன்னதுதான் நெஜம் போலக்குது. அந்த மனுசன் பொய் சொல்லிகினே செத்தாரு" என்றாள்.

அப்பாவை அந்த மனுசன் என்று அவள் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பால்பவுடர் டின்னின் தகட்டை வெட்டி, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு போர்டு செய்தார். வாழ்நாளில் எத்தனையோ கம்பம் நட்டவர்தான். அந்த ஊசிக் கம்பத்தை மட்டும் இரண்டு தடவை பிடுங்கி நட்டார்.

கொஞ்ச நாளில் மலைக் கிராமத்திலிருந்து ஆள் வந்தது. மங்கம்மாள் களத்தில் விழுந்துவிட்டாள், சாப்பாடு இறங்கவில்லை என்று. ஜீப் வைத்து அழைத்து வந்தார்கள். வேலூருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு, வயதாகிவிட்டது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெயில் விழுகிற அறை பின்னறை ஒன்றுதான். குளிர் தாங்காத கிழவிக்கு அங்கேயே கட்டில் போட்டார்கள். அவள் தலைமாட்டில் நாவக்கொல்லை ஸ்டேஷன் இருந்தது.

மங்கம்மாளுக்கு உடம்புதான் ஓய்ந்திருந்தது, வாய் ஓயவில்லை. "பேரன் எடுக்குற வயசுல பொம்ம வண்டி வச்சிகினு ஆடுறியே மருமவனே. ஒனக்கு ஒரு கிலுகிலுப்ப வாங்கியாரச் சொல்லட்டுமா?" என்று கேலி செய்தாள். தாண்டவராயன், வாங்கித் தாங்க அத்தை, அப்படியே ஒரு சட்டையும் தைத்துக் கொடுங்கள் என்று சிரிப்பார். கலைவாணி சிரிப்பில் சேரமாட்டாள். கஞ்சி ஊட்டுவாள், துடைப்பாள், வேலை முடிந்ததும் போய்விடுவாள். தாயிடம் சொல்ல அவளிடம் இப்போது ஒன்றும் இல்லை.

ஒருநாள் வெயில் நன்றாக விழுந்திருந்த நேரம். கிழவி எழுந்து உட்காரவேண்டும் என்றாள். தாண்டவராயன் முதுகுக்குத் தலையணை வைத்து, பலகைப் பக்கம் முகம் பார்க்கிற மாதிரி உட்காரவைத்தார். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இது நாவக்கொல்லைதானே?"

"ஆமாங்க அத்த."

அவளுக்கு முகம் மாறிவிட்டது. கோபப்படுவாளோ என்று அவர் நினைத்தார். கோபம் வரவில்லை. விரலை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினாள். இது நாங்கள் இருந்த வீடு. இங்கே ஒரு கிணறு இருந்தது, எங்கே காணோம்? இந்தப் பக்கம் ரயில்வே நிலம், குத்தகைக்கு விட்டார்கள், வேர்க்கடலை போட்டிருந்தேன். தார் பூசினார்களே, அந்தப் பலகை அதோ. விரல் அப்படியே பாதையோரமாக வளைவை நோக்கிப் போனது. விசில் போர்டின்மேல் வந்து நின்றது.

"அட, எங் கம்பம்" என்றாள்.

உங்கள் கம்பமா என்று தாண்டவராயன் கேட்டார். கிழவி தன் முந்தானை ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். நைந்த சேலை, நாராகக் கிழிந்து வந்தது. அந்தத் துணி நாரை எடுத்து, நடுங்குகிற விரல்களால், குட்டித் தகட்டின் தலைக்கு மேலாகப் போட்டு முடிச்சுப் போட்டாள். மறுமுனையைப் பக்கத்தில் இருந்த தந்திக் கம்பத்தில் கட்டினாள். நடுவில் துணி தொட்டிலாகத் தொங்கியது.

"ஒம் பொண்டாட்டிய இதுலதான் போட்டு வச்சிருப்பேன், கள எடுக்கச்சொல்ல. மரமே கெடையாது பாரு அங்க. தகட்டுக்கு மேல போட்டுக் கட்டிட்டா முடிச்சி கீழ எறங்காது. வெறும் கம்பத்துல கட்டினா வழுக்கிகினு வந்துடும்."

முடிச்சைப் பற்றி லைன்மேனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாண்டவராயன் அந்தச் சின்னத் தகட்டையே பார்த்தார். எழுத்து தெரியவில்லை. தகடே தெரியவில்லை. இன்ஜினிலிருந்து பார்க்கிறவனுக்கு, ஏதோ துணி காய்கிறது, அவ்வளவுதான்.

அந்த நாளிலுமா என்று கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டார். சடையன் போன அன்றைக்குமா?

"அன்னிக்கும்தான்" என்றாள் மங்கம்மாள். "புள்ளைக்குக் காச்சலு. வூட்டுல கெடந்தா கத்தும்னு தூக்கியாந்து போட்டிருந்தேன். கள எடுத்துகினு இருந்தவளுக்கு ரயிலு ஊதுச்சா இல்லியான்னு காதுல ஏறல. சத்தம் கேட்டுச்சி பாரு. புள்ளய வாரிகினு, பொடவைய இஸ்துகினு ஓடுனேன். அந்தப் பொடவையத்தான் தம்பி மேல போத்துனேன். வேற துணி ஏது அங்க."

அப்புறம் விரலால் தகட்டைத் தட்டினாள். "இது இன்னாத்துக்கு மருமவனே நட்டு வச்சிருந்தானுங்க? தெனமும் கட்டுவேன், அவுப்பேன். அந்த ஆளக் கேக்கணும்னு நெனப்பேன். அப்பால எங்க பேசுனோம்."

கதவுப் பக்கம் ஏதோ அசைந்தது. கலைவாணி கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அவள் கண் அம்மாவின் மேல் இல்லை. பலகையின்மேல், அந்தத் துணி நாரின்மேல் இருந்தது. தாண்டவராயன், எல்லைக்காக நட்டிருப்பார்கள் அத்தை என்று எதையோ சொல்லிவிட்டு எழுந்து மனைவியின் பின்னால் போனார்.

அடுப்படியில் அவள் கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

"அவருக்குத் தெரியும்ங்க" என்றாள் கடைசியில். "பொடவையோட ஓடியாந்தத பாத்திருப்பாரு. அதான் நா கேட்டப்ப வாயத் தொறந்துட்டு மூடிகினாரு. நா போர்டு இல்லன்னு நெனச்சிகினேன்."

அவர் தலையசைத்தார். துணி மூடியிருந்தது என்று சின்னராசு விசாரணையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை தங்கியிருக்கும். ஆனால் தம்பியைக் கொன்றது தான் கட்டின தொட்டில்தான் என்று மங்கம்மாளுக்குத் தெரிந்திருக்கும். அதைத் தெரிந்துகொண்டு அவள் எத்தனை நாள் உயிரோடு இருந்திருப்பாள்? தூங்கினவன் என்ற பெயரையும், பேசாத மனைவியையும் வாங்கிக்கொண்டு அவர் மலை ஏறிவிட்டார். ஊமை மாதிரி ஒரு வாழ்நாள்.

நீ ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது, அப்பா தூங்கவில்லை என்று இனி சொல்லலாம் என்றார் தாண்டவராயன். சொல்லும்போதே அது எவ்வளவு பைத்தியக்காரப் பேச்சு என்று அவருக்கே தெரிந்தது.

"யாராண்டங்க சொல்றது?" என்றாள் கலைவாணி. தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு கஞ்சியைச் சூடு பண்ணி எடுத்துக்கொண்டு போனாள். தாண்டவராயனும் பின்னாலேயே போனார். கிழவி இன்னும் பலகையைப் பார்த்தபடிதான் இருந்தாள். கேட்டுக்குப் பக்கத்து வீட்டின்மேல் அவள் கண் நின்றிருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்ததும், திரும்பாமலே கேட்டாள்.

"வருசக்கணக்கா கேட்டுகினு இருந்தியே, அந்த ஆளு தூங்கல தூங்கலன்னு. ஊர் ஊரா ஒம் புருசன் போயி வெசாரிச்சாராமே. இன்னா சொன்னாங்க?"

வெளியே தெருவில் யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. கலைவாணி கிண்ணத்தில் கரண்டியைப் போட்டு ஆற்றினாள். அப்பா பெயரைத் துடைக்கிற வார்த்தை அவள் நாக்கின் நுனியில் இருந்தது. சின்னராசு ஒரு தடவை வாய் திறந்து மூடினாரே, அதே மாதிரி அவளும் வாய் திறந்தாள். ஆனால் மூடவில்லை.

"தூங்கிட்டாரும்மா" என்றாள்.

தாண்டவராயன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கிழவி மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தாள். "யாரு சொன்னா?"

"அவரேதாம்மா. சாவுறதுக்கு முன்னாடி என்னாண்ட சொன்னாரு. ஒன்னாண்ட சொல்ல மூஞ்சி இல்லன்னாரு. நாந்தான் ஒத்துக்க மாட்டாம மறச்சிகினு திரிஞ்சேன்."

கலைவாணி கஞ்சியை ஊட்டினாள். ஒரு வாய், இன்னொரு வாய். மூன்றாவது வாயைக் கிழவி கையால் தடுத்தாள்.

"தூங்காம இன்னா பண்ணுவாரு மனுசன்" என்றாள். "மொத நாளு ராத்திரி பூரா நீ ஒரே அழுவ. ஒடம்பு அனலா கொதிக்குது. அவருதான் தோள்ல போட்டுகினு லைனோரமா அங்கியும் இங்கியும் நடந்தாரு. விடிஞ்சதும் டூட்டி. செத்த கண்ண மூடட்டும்னுதான் ஒன்ன நான் கொல்லைக்குத் தூக்கிகினு போனேன்."

மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் சொன்னாள். "தூங்கிட்டேன் மங்கம்மான்னு ஒரு வார்த்த. நா இன்னா, கடிச்சா துப்பியிருப்பேன்? ரெண்டு நாளு அழுதிருப்பேன், அடிச்சிருப்பேன். அப்பால சோத்தப் போட்டுட்டு எதிர்ல உக்காந்திருப்பேன். விசில் வரல, விசில் வரலன்னு அதையே சொல்லிகினு இருந்தாரு. பொய் சொல்ற ஆளாண்ட எப்டிடி பேசுறது?"

சின்னராசு செத்த அன்றைக்குக் கூடச் சொட்டுக் கண்ணீர் விடாதவள் அவள். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அழுதாள். சத்தம் போட்டு அழத் தெம்பு இல்லை. அவர் பெயரை வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லி, தனக்குத்தானே பேசுகிற மாதிரி அழுதாள். கலைவாணி அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தால் அது எதற்கு வந்தது என்று சொல்லவேண்டி வருமோ என்று பயந்தவள்போல நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நாள்தான் கிழவி இருந்தாள். அந்தக் கொஞ்ச நாளும் வாயில் கணவன் பேச்சுதான். அவர் என்ன குழம்பு கேட்பார், தலைப்பாகை எப்படிக் கட்டுவார், கலியாணமான புதிதில் இன்ஜின் காட்ட அழைத்துக்கொண்டு போனது. மருமகனைக் கூப்பிட்டு, பலகையில் கிணறு வைக்கச் சொன்னாள். தாண்டவராயன் வைத்தார். துணி நாரை மட்டும் அவர் அவிழ்க்கவில்லை. இல்யாஸ் போன் பண்ணி, வேலூரில் ஒரு கண்காட்சி, நாவக்கொல்லையைக் கொண்டுவரலாமே அண்ணே என்று கேட்டார். அது வீட்டை விட்டு வெளியே வராது பாய் என்று மட்டும் சொன்னார். சரியாகக் கட்டி முடித்த ஸ்டேஷனை ஏன் காட்டமாட்டேன் என்கிறார் என்று இல்யாஸுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மங்கம்மாளைக் கிராமத்துக்கே கொண்டுபோய், சின்னராசுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். மலை ஊர்களிலிருந்து எல்லாம் சனம் வந்திருந்தது. கொட்டாய் நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், பக்கத்தில் இருந்தவருக்கு இறந்தவளை அடையாளம் சொன்னார்.

"தெரியாதா ஒனக்கு? கேட்டத் தொறந்து போட்டுட்டுத் தூங்கிப்புட்டு, மச்சான வண்டிக்குக் குடுத்தானே சின்னராசு, அவம் பொண்டாட்டி."

கேட்டவர் உச்சுக் கொட்டினார். பாவம், அந்த ஆளோடு எப்படித்தான் குடித்தனம் பண்ணினாளோ என்றார்.

தாண்டவராயன் மனைவியைப் பார்த்தார். இரண்டு பேர் பேசினதும் அவள் காதில் விழுந்திருந்தது. சொல்லிவிடேன் என்று அவருக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. இனி மறைக்க யார் இருக்கிறார்கள்? ஆனால் வாயைத் திறந்தால் சின்னராசுவின் பெயர் போகிற இடத்தில் மங்கம்மாளின் பெயர் வந்து உட்காரும், தம்பியைக் கொன்றவள் என்று. கலைவாணி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். வெயிலில் நடந்து வந்தவர்கள், தாகமாக இருப்பார்கள். முதலில் அந்தப் பெரியவருக்குத்தான் சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள்.